செத்திப்பூவுக்குப் போட்ட வலை

எங்கள் வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் இருக்கிறது. அப்பா காலத்துக்கும் முன்னாலிருந்து இருப்பது. சாளக்கிராமம் உள்ள வீட்டில் ஒரு நாள்கூடப் பூஜை முடங்கக் கூடாது, பூஜை ஆகாமல் ஆண்பிள்ளை வாயில் எதுவும் போடக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை. சாஸ்திரம் என்று தனியாக உட்கார்ந்து எதையும் வாசித்ததில்லை. காதில் விழுந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது சரிதானா என்று தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீடு வலியசாலையில், மலையாள தேசத்துக்குள் இருக்கிற ஒரு தமிழ்த் தெரு. பின்பக்கம் நீளமாக ஒரு கொல்லை. கிணற்றடியில் இரண்டு செத்திச் செடிகள். திருநெல்வேலிப் பக்கத்தில் இதை இட்லிப்பூ என்பார்கள். சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதற்கப்பால் நந்தியாவட்டை, துளசி, ஒரு எலுமிச்சை. தினமும் நூற்றெட்டு நாமத்துக்கான பூ அங்கிருந்துதான். பூக்கூடையோடு நான் கொல்லையில் இறங்கும்போது எனக்கு முன்னாலேயே பட்டாம்பூச்சிகள் வந்திருக்கும். செத்திக் கொத்தின்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு பூவுக்குள்ளும் மயிரிழை மாதிரி ஒரு குழலை விட்டு உறிஞ்சிவிட்டு அடுத்த பூவுக்குப் போகும்.

முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நான் அதை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். மனுஷன் மூக்குப் பட்டாலே ஆகாதென்றால், பூச்சி வாய் வைத்து உறிஞ்சினது எப்படி ஆகும்? எச்சில் பூவைத்தானே இத்தனை வருஷமாகப் பெருமாள் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. தோன்றின பிறகு மனசு அடங்கவில்லை. கடையில் கொசுவலைத் துணி துண்டு விழுந்து கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து என் மனைவியிடம் கொடுத்தேன். செடிக்கு மேலே கவிழ்க்கிற மாதிரி பெரிய உறை இரண்டு தைத்துத் தரச் சொன்னேன்.

"செடிக்கு முட்டாக்குப் போடச் சொல்றேளா?" என்று கேட்டாள்.

"எச்சில் படாம இருக்கட்டும்னுதான்."

அவள் ஊசியில் நூல் கோத்தாள். அப்போது அவளுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. ஒரே தடவையில் கோத்துவிடுவாள். இரண்டு மத்தியானத்தில் தைத்து முடித்தாள்.

அவளுக்கு அந்தப் பூச்சிகளைப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். குறுக்கே வெள்ளைக் கோடு போட்டதற்குப் பூணூல்காரன். எலுமிச்சையைச் சுற்றுகிற கறுப்புக்குக் கரிச்சட்டி. மஞ்சளாகக் கூட்டமாக வருவதற்குக் கல்யாணக் கோஷ்டி. வலை போட்ட பிறகும் அவை வந்தன. வலைமேல் முட்டி, சுற்றிச் சுற்றி வந்து, மதில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"வந்தவாளை வாசல்லேயே நிறுத்தி அனுப்பற மாதிரி இருக்கு," என்று அவள் ஒரு நாள் சொன்னாள்.

"எச்சில் பண்ணாம இருந்தா உள்ளே விடலாம்," என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அவள் சிரிக்கவில்லை.

சில வருஷங்கள் போயின. அவளுக்குக் கண்ணில் பிரஷர் என்று கண்டுபிடித்தபோது இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. வலியில்லை, சிவப்பில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. வலது கண்ணில் நடுவில் மட்டும் பார்வை. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பாள். பக்கத்தில் நான் நிற்பது தெரியாது. தலையைத் திருப்பினால் என் மூக்கு தெரியும், காது தெரியாது. ஆபரேஷன் செய்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். தொண்ணூறுகள் முடிகிற சமயம்.

அடுத்த வீட்டு மாமி மத்தியானத்தில் வந்து மலையாளப் பேப்பரை அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நான் கடையிலிருந்து வந்து கால் அலம்பிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஏன்னா, மியூசியத்திலே கருடசலபம் வந்திருக்காம். கேட்டேளா?"

எனக்குக் கருடன் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. மியூசியத்தில் பழைய விக்கிரகம், மர வாகனம் எல்லாம் வைப்பார்களே, அப்படி ஏதோ கருட வாகனம் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"எந்தக் கோயில்லேர்ந்து எடுத்துண்டு வந்தாளாம்?" என்று கேட்டேன்.

மாமியும் அவளும் சேர்ந்து சிரித்தார்கள். மாமிக்குக் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது.

"கோயில்லேர்ந்து இல்லை, காட்டுலேர்ந்து. சலபம்னா பட்டாம்பூச்சியாக்கும். இத்தனை வருஷம் இந்த ஊர்லே இருந்தும் அது தெரியலையா உங்களுக்கு?"

"பூச்சிக்குக் கருடன் பேரா?"

"பேர் நானா வெச்சேன்? பேப்பர்லே போட்டிருக்கு," என்றாள் மாமி. இயற்கை சரித்திர மியூசியத்துக்குப் பக்கத்தில் பெரிய வலைக் கூடாரம் கட்டி, உயிரோடு பட்டாம்பூச்சிகளை விட்டிருக்கிறார்களாம். கொஞ்ச நாளைக்குத்தானாம். அதில் இந்தக் கருடசலபம் என்பது இரண்டு உள்ளங்கை அகலமாம். மேல் இறக்கை கறுப்பு. பறக்கும்போது கீழ் இறக்கை விரிந்தால் தங்கத் தகடாம்.

மாமி போன பிறகு அவள் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்: "வியாழக்கிழமைக்கு முன்னாடி எனக்கு அதைப் பார்க்கணும்னு இருக்கு. ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி கருட தரிசனம் ஆனா நல்லதுதானே?"

ஆகாசத்தில் கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற வீடு எங்களுடையது. ஆனாலும் பூச்சி எப்படிக் கருடனாகும்? சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அவளாகக் கேட்டது கிடையாது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவோம். அவை கேட்டுப் போகிற இடங்கள் இல்லை. அதற்குப் பின்னால் அவள் ஒன்று சொன்னாள், அதை நான் மறக்கவில்லை.

"ஒருவேளை அதுக்கப்புறம் தெரியாமயே போனாலும், கடைசியா பார்த்தது டாக்டரோட டார்ச் லைட்டா இருக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவாயிற்று. கடை அன்றைக்குத்தான் லீவு. சனிக்கிழமை மாமி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னாள்: "காலம்பற பத்து மணிக்கு அங்கே இருக்கணும். வெயில் இருந்தாத்தான் பறக்குமாம். உச்சி கழிஞ்சா ஒண்ணும் இல்லை." சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் இந்த ஊரில் காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், இரண்டு மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு இடிக்கும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவள் தயார். கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, குடையையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நூற்றெட்டு நாமம் என்றால் விளக்கேற்றுவதிலிருந்து கற்பூரம்வரை எனக்கு அரை மணி. ஒன்பதுக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அன்று விடியற்காலையில் கிணற்றடியில் குளிக்கும்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அவள் கண்ணுக்காக இன்றைக்கு ஆயிரத்தெட்டு அர்ச்சனை செய்துவிட வேண்டும். அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்தால்தான் பலன் என்று எங்கேயோ கேட்டிருந்தேன்.

கூடை நிறையச் செத்திப்பூவை உதிர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முந்நூறு நாமம் ஆகியிருக்கும். கூடைக்குள் கை விட்டபோது விரலில் ஏதோ படபடத்தது. குட்டியாக ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி, பூவுக்கு அடியிலிருந்து எழுந்து, விளக்கைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போயிற்று. கல்யாணக் கோஷ்டியில் ஒன்று. வலை எங்கேயோ கிழிந்திருக்கிறது. அது வலைக்குள்ளேயே இரவெல்லாம் இருந்து எத்தனை பூவில் வாய் வைத்ததோ.

இன்னொருவர் என்றால் தொடர்ந்து செய்திருப்பார். நான் எழுந்தேன். கூடையிலிருந்த பூ முழுவதையும் கொல்லையில் கொட்டினேன். சாளக்கிராமத்தின் மேலிருந்ததையும் எடுத்துவிட்டு, மறுபடி கிணற்றில் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு தெருவில் மூன்று வீடு ஏறி இறங்கிப் பூவும் துளசியும் கேட்டு வாங்கி வந்தேன். அந்த வீடுகளின் செடிகளுக்கு வலை கிடையாது. அங்கே பூச்சி உட்கார்ந்திருக்காதா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் பார்க்காதது எச்சில் இல்லை என்று வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. முதல் நாமத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

அவள் நிலைப்படியில் வந்து நின்றாள். "ஏன்னா, மணி பத்தாச்சு."

அர்ச்சனைக்கு நடுவில் பேசக் கூடாது. இரு என்று கையைக் காட்டினேன். கையைத் தன் பார்வைக்கு நேராகக் கொண்டுவர அவள் தலையை இரண்டு தடவை திருப்ப வேண்டியிருந்தது.

பிறகு மறுபடி வந்தாள். "பதினொண்ணரை." மறுபடி கையைக் காட்டினேன்.

மூன்றாவது தடவை அவள் வரவில்லை.

கற்பூரம் காட்டி முடித்தபோது பன்னிரண்டரை. முன்னறைக்கு வந்தேன். ஜன்னல் வெயில் அவள் மடியிலிருந்து இறங்கித் தரைக்குப் போய்விட்டிருந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சாப்பிட்டுட்டுப் போகலாம். இல்லாட்டா உங்களுக்குத் தலை சுத்தும்," என்று எழுந்து இலை போட்டாள்.

கிழக்கேகோட்டைக்கு நடந்து பஸ் ஏறும்போது இரண்டு மணி ஆகிவிட்டது. கோயில் கோபுரத்துக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு ஏன் இத்தனை நேரம்?" என்று கேட்டாள்.

"உன் கண்ணுக்காக ஆயிரத்தெட்டு பண்ணினேன். நடுவிலே பூச்சி வந்து, மறுபடி முதல்லேர்ந்து."

பாளையம் தாண்டின பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே, "எனக்காகப் பண்ணினதை நான் குத்தம் சொல்லப்படாது," என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "சாயங்காலம் வந்தும் பண்ணியிருக்கலாம்," என்றாள்.

மியூசியம் தோட்டத்தில் ஜனங்கள் மழைக்குப் பயந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் உள்ளே போனோம். மரங்களுக்கு நடுவில் இரும்புக் கம்பிகளை வளைத்து, மேலே பச்சை நிறத்தில் வலை போர்த்தியிருந்தது. ஒரு சின்னக் கல்யாணப் பந்தல் அளவு இருக்கும். வாசலில் ஒரு பலகையில் பட்டாம்பூச்சிகளின் படங்கள். கருடசலபம் நடுவில், இறக்கையை விரித்து. மேலே கரும்பட்டு, கீழே கட்டித் தங்கம். நான் அவளை அதற்கு நேராக நிறுத்தினேன். அவள் தலையை மெள்ள இடமும் வலமும் நகர்த்தி, ஒரு ஓரத்திலிருந்து அடுத்த ஓரம்வரை வாசிக்கிற மாதிரிப் பார்த்தாள்.

வாசலில் காக்கிக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் இரட்டைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்தாள்.

"இப்பழாணோ சாமி வருந்நது? வெயில் போயில்லே? இனி அதுகள் உறக்கமா," என்றாள். காலையில் வந்திருந்தால் தலைமேல் தோள்மேல் வந்து உட்கார்ந்திருக்கும் என்றும் சொன்னாள். வெயில் போனால் அவை எழும்பாது.

"இவளுக்கு வியாழக்கிழமை கண் ஆபரேஷன்," என்றேன். அந்த அம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே புழுக்கமாக இருந்தது. ஈர மண் வாசனை. தட்டுகளில் அன்னாசிப்பழத் துண்டு, வாழைப்பழம். வழியின் இரண்டு பக்கமும் செடிகள், அதில் பாதிக்கு மேல் செத்தி. எங்கள் வீட்டுச் செத்தியேதான். அவள் அதைக் கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு மேலே வலையைப் பார்த்தாள்.

"இங்கே வலைக்கு உள்ளே பூச்சி. நம்மாத்துலே வலைக்கு வெளியே," என்றாள்.

இலைகளுக்கு அடியில் பட்டாம்பூச்சிகள் இறக்கையை மூடித் தொங்கிக்கொண்டிருந்தன. மூடினால் எல்லாம் காய்ந்த சருகு நிறம்தான். ஒன்றிரண்டு எழுந்து நாலடி பறந்து உட்காரும். அவள் அதைத் தன் குழாய்க்குள் பிடிப்பதற்குள் அது வேறெங்கோ போயிருக்கும். "எங்கே, எங்கே?" என்று கேட்டுக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

காக்கிக் கோட்டு அம்மாள் ஒரு கொடியைக் காட்டினாள். ஈஸ்வரமூலி, கருடசலபத்தின் புழு அந்த இலையைத்தான் தின்னுமாம், வேறொன்றையும் தொடாதாம்.

"ஈஸ்வரன் கொடியைத் தின்னுட்டுக் கருடனாறதா?" என்றாள் என் மனைவி. "நம்ம தெருவிலே இது தெரிஞ்சா சண்டை வரும்." அந்த அம்மாளுக்குப் புரியவில்லை, இருந்தாலும் கூடச் சிரித்தாள். அன்று முழுவதும் என் மனைவி சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"கருடன் எங்கே?" என்று கேட்டாள்.

"அதா, முகளில். ஆ மூலைக்கு," என்று அந்த அம்மாள் கூரை மூலையைக் காட்டினாள். அதே நேரத்தில் பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. திரையைக் கட்டுவதற்கு அவள் வாசலுக்கு ஓடினாள்.

நான் பார்த்தேன். கூரையின் வளைந்த கம்பிக்கு அந்தப் பக்கம், கறுப்பாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கம் கொஞ்சமும் தெரியவில்லை. மேல் இறக்கை கீழ் இறக்கையை மூடியிருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம், இரண்டு சாண் தள்ளி, வெளியே மரத்திலிருந்து விழுந்த ஒரு பெரிய சருகு வலையில் சிக்கிக் கிடந்தது. மழை இருட்டில் இரண்டும் கறுப்பு.

அவள் முகத்தை உயர்த்தி மெள்ளத் துழாவினாள். சருகில் வந்து நின்றாள்.

"அதோ அந்தக் கறுப்பா இருக்கே, அதுவா?"

இல்லை, இன்னும் இரண்டு சாண் இடது பக்கம் என்று சொல்லியிருக்கலாம். அவளை அந்தச் சேற்று வழியில் நாலடி நடத்தி, கம்பிக்கு அடியில் நிறுத்தி, முகத்தைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டால் பஸ் கிடைக்காது. சாயங்காலம் சந்தி விளக்கு ஏற்ற வீட்டில் இருக்க வேண்டும்.

"ஆமாம், அதுதான்," என்றேன்.

அவள் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். காற்று வீசியது. சருகு வலையில் ஆடியது.

"இறக்கையை அசைக்கறது," என்றாள்.

"ஆமாம்."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. நான் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் அந்த அம்மாள், "கண்டோ மாமி?" என்று கேட்டாள். "கண்டு," என்றாள் இவள். சந்தி விளக்குக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தோம்.

அடுத்த நாள் மதிலோரம் மாமியிடம் அவள் சொல்வது என் காதில் விழுந்தது. "வெயில் இல்லைன்னாலும் எனக்காக இறக்கையை அசைச்சுக் காட்டித்து, கேட்டேளா. தங்கம் தெரியலை. போகட்டும், அது தங்கத்தைக் காட்டணும்னு நாம கேக்கப்படாது." புதன்கிழமை ஆஸ்பத்திரியில் படுக்கையைச் சரிசெய்ய வந்த நர்ஸிடமும் சொன்னாள். வியாழக்கிழமை ஸ்ட்ரெச்சரில் படுத்தபோது என்னைக் கூப்பிட்டு, "பயம் ஒண்ணும் இல்லை. கருடனைப் பார்த்தாச்சு," என்றாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்? அப்புறம் எந்த நேரத்திலும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

ஆபரேஷனில் தவறு ஒன்றுமில்லை. டாக்டர் முதலிலேயே சொன்னதுதான். ஒன்றரை வருஷத்தில் குழாய் சுருங்கிச் சுருங்கி, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மிஞ்சியது.

அப்பா தெவசத்துக்கு மந்திரம் சொல்லிவைக்க வந்த வாத்தியார், கை அலம்பக் கொல்லைக்குப் போனவர், செத்திச் செடியைப் பார்த்து நின்றார்.

"என்ன ஓய், பூவுக்குக் கொசு கடிக்கறதா?"

காரணத்தைச் சொன்னேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும் எச்சில் கிடையாதுங்காணும். அப்படிப் பார்த்தா தேனாலே அபிஷேகம் பண்றோமே, அது யார் வாயிலேர்ந்து வந்தது? யார் சொன்னா உமக்கு இதை?"

யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் போன பிறகு வலையை இழுத்துக் கழற்றினேன். தையல் அத்தனை வருஷத்துக்கும் ஒரு இடத்தில்கூட விடவில்லை. கிழிந்திருந்த இடம் எலுமிச்சை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள் சத்தம் கேட்டு, "என்ன பண்றேள்?" என்றாள். "வலையை எடுத்துட்டேன்," என்றேன்.

பட்டாம்பூச்சிகள் உடனே வரவில்லை. அடுத்த வீட்டு மதிலோடு திரும்பிப் போகிற வழக்கம் அவற்றுக்கும் ஆகிவிட்டிருந்தது. பிறகு பூணூல்காரன் வந்தது. கல்யாணக் கோஷ்டி வந்தது. காலையில் அவள் துவைக்கிற கல்லில் வந்து வெயில் காய உட்காருவாள். "யார் யார் வந்திருக்கா?" என்று கேட்பாள். நான் சொல்வேன். எனக்கு நிறம் சொல்லத் தெரியாது. துணிக்கடைக்காரன் என்பதால் துணியை வைத்துச் சொல்வேன்; மாம்பழக் கலர் பாப்ளின், மயில்கழுத்துப் பட்டு என்று. அவளுக்கு அது போதும். அவை வாய் வைத்து முடிக்கும்வரை நான் கூடையோடு நிற்பேன். பூஜை தாமதமாகும். ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இப்படி விடத் தெரிந்திருந்தால் என்று தினமும் நினைக்காமல் இருந்ததில்லை.

அப்படி ஒரு ஆவணி மாதக் காலையில், கிணற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நிழல் என் கைமேல் ஓடியது. பறவை என்று நினைத்தேன். செத்தியின் உச்சிக் கொத்தில் வந்து இறங்கியது. மேலே கரும்பட்டு, கீழே தங்கம். பலகையில் பார்த்த அதேதான், ஆனால் படத்தில் அந்தத் தங்கம் அசையவில்லை. இங்கே வெயிலில் அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. உட்கார்ந்து குடிக்கும்போதும் இறக்கை அடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் என் கொல்லைக்கு அது முன்பும் வந்து, வலையில் முட்டித் திரும்பிப் போயிருக்குமோ என்னவோ.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் கல்லில் இருந்தவள்.

"வந்திருக்கு."

"யாரு?"

"கருடசலபம்."

அவள் எழுந்தாள். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்து நாலடி நடத்தி, முகத்தைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பினேன். "நேரே முன்னாடி. கை நீட்டினா எட்டும், நீட்டாதே."

அவள் கை கூப்பினாள்.

"இறக்கையை அசைக்கறதா?"

"அசைச்சுண்டே இருக்கு. தங்கம் முழுக்கத் தெரியறது."

"அன்னிக்கு மியூசியத்திலே மெள்ளத்தான் அசைச்சது. மழை இருட்டு, பாவம்." அவள் முகம் அந்தப் பூவுக்கு நேராகவே இருந்தது. "அது மாதிரியேதானே இதுவும்?"

வாயைத் திறந்தேன். அன்றைக்கு நீ கும்பிட்டது ஒரு சருகை என்று சொன்னால், அவளுக்கு மிஞ்சியிருக்கிற கடைசிக் காட்சியையும் நான் எடுத்துக்கொண்டவனாவேன். சொல்லாவிட்டால், கண்ணுக்கு முன்னால் பெருமாளின் வாகனம் நிற்கும்போது இரண்டாம் தடவையும் பொய்.

"அது மாதிரியேதான்," என்றேன்.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்றுவரை அவளிடம் அதைச் சொல்லவில்லை.

பூச்சி எழுந்து, கிணற்றைத் தாண்டி, மதிலுக்கு மேலே ஏறி மறைந்தது. அவள் கையைக் கூப்பினபடியே நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்கா, போயிடுத்தா?"

"போயிடுத்து," என்றேன். அதையாவது உள்ளபடி சொன்னேன். பிறகு அது வாய் வைத்த கொத்தை மட்டும் பறித்து, கூடையில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துக்கொண்டு, பூஜைக்கு உள்ளே போனேன்.